பம்பருக்கு அன்றே பணம், உடைந்த காலுக்கு ஒரு கடிதம்

2023 பெப்ரவரி, சம்மாந்துறையில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்கள். வழமைபோல வீதியின் ஒரு பக்கத்தை நெல் காயப்போட்டுப் பிடித்திருந்தார்கள். என் சாச்சியின் மகன், மேசன் வேலை செய்பவன், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். ஒழுங்கையொன்றுக்குள் இருந்து வந்த கார், நின்று பார்க்காமல் பிரதான வீதிக்குள் ஏறியது. அவனுக்கு ஒதுங்க இடமில்லை. வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது.

நான் அந்த இடத்துக்குப் போனபோது அவனை ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார் அங்கேயே நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தார், உடைந்த பம்பரையும் ஹெட்லைட்டையும் தொட்டுப் பார்த்தார், ஏதோ கணக்குப் போட்டார், படிவத்தில் ஒப்பம் வாங்கினார். காரின் சேதத்துக்கான தொகை அங்கேயே முடிவாகிவிட்டது. வீதியில் கிடந்த செருப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வியும் அது இல்லை. அவருடைய வேலை கார்.

பத்து நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் கூடினோம். கார்க்காரரின் பக்கத்தில் அவருடைய மாமாவும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவரும், எங்கள் பக்கத்தில் சாச்சாவும் நானும் இன்னும் இரண்டு பேரும். கார்க்காரர் நல்ல மனிதர். பிழை தன்னுடையதுதான் என்று முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொண்டார், கண்ணும் கலங்கியது. "கேஸ் போட்டு என்னத்தக் காணப் போறம் காக்கா, அவரும் புள்ள குட்டிக்காரன்" என்று சாச்சா என்னிடம் சொன்னார். அறுபதாயிரம் ரூபா பேசி முடிவானது. பொலிஸில் கொடுப்பதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். நான் நாலு எழுத்து எழுதுகிறவன் என்பதால் என்னிடமே தாளை நீட்டினார்கள். "இவ்விபத்துத் தொடர்பாக இதற்கு மேல் எவ்விதக் கோரிக்கையும் எமக்கில்லை" என்ற வரியை எழுதியது நான்தான். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினேன்.

அவன் ஒன்பது மாதம் வேலைக்குப் போகவில்லை. அப்போது அவனுடைய நாட்கூலி மூவாயிரத்து ஐந்நூறு. மாதம் இருபத்திரண்டு நாள் வேலை என்று வைத்தாலும் ஒன்பது மாதத்தில் இழந்தது 693,000 ரூபா. வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் வெளியில் எடுத்த ஸ்கேன், மருந்து, கிளினிக்குக்குப் போகவர ஓட்டோக் கூலி என்று அறுபதாயிரம் இரண்டாவது மாதமே கரைந்துவிட்டது. இப்போது நடக்கிறான், கொஞ்சம் நொண்டி. சாரத்தில் ஏற முடியாது. சாரத்தில் ஏறாத மேசனுக்கு எங்கள் பக்கத்தில் யார் முழுக்கூலி தருவார்கள்?

இதை எழுதுவது கார்க்காரரைக் குறைசொல்ல அல்ல. அந்தக் காருக்கு விபத்து நடந்த அன்று செல்லுபடியான காப்புறுதி இருந்தது. வருடாவருடம் அவர் பணம் கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தின் ஒரு பகுதி, இப்படி ஒரு காலை உடைத்தால் அதற்குப் பொறுப்பேற்பதற்காகவே வாங்கப்பட்டது. விறாந்தையில் இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட "இன்சூரன்ஸ் என்ன செய்யும்?" என்று கேட்கவில்லை. அது காருக்கு உரிய விஷயம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

எங்கள் ஊர்களில் காப்புறுதியைப் பார்க்கிற விதமே அப்படித்தான். பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்பார்கள். அதற்காக வழியில் ஒரு கடையில் மலிவான 'தேர்ட் பார்ட்டி' ஒன்றை வெட்டிக்கொண்டு போவோம். சந்தியில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கும் அது உதவும். மொத்தத்தில் அது ஒரு வரி மாதிரி. யார் அந்த மூன்றாம் தரப்பு என்று யாரும் யோசிப்பதில்லை. வாகனக்காரர் ஒரு தரப்பு, நிறுவனம் இன்னொரு தரப்பு. மூன்றாமவர் வீதியில் அடிபடுகிறவர்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதை எழுபது வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது 99ஆம் பிரிவு. அந்தக் காப்புறுதி எதை உள்ளடக்க வேண்டும் என்று 100ஆம் பிரிவு சொல்கிறது. மரணம், உடற்காயம். இவைதான் கட்டாயம். அடுத்தவரின் மதில், அடுத்தவரின் வாகனம், சொந்தப் பம்பர் இவையெல்லாம் நாம் விரும்பி, கூடப் பணம் கட்டி வாங்குகிறவை. ஆக, கட்டாயமென்று சட்டம் வைத்தது மனித உடம்பை. விபத்து இடத்திலேயே தீர்த்துத் தருகிறோம் என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பற்றி.

105ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வாகனக்காரருக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பாணை ஒன்று கிடைத்துவிட்டால் அந்தத் தொகையைக் காயப்பட்டவருக்குக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும். வாகனக்காரர் ஏதோ நிபந்தனையை மீறிவிட்டார், அதனால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்கிறோம் என்று நிறுவனம் சொல்லக்கூடிய நிலையிலும், சில வரையறைகளுக்கு உட்பட்டு, இந்தக் கடமை இருக்கிறது. நல்ல பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் சிக்கலும் இதே பிரிவில்தான் இருக்கிறது. கடமை பிறப்பது தீர்ப்பாணைக்குப் பிறகு. அதற்கு முன்னர் நிறுவனம் விரும்பினால் பேசித் தீர்க்கலாம், விரும்பாவிட்டால் கடிதத்துக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். தீர்ப்பாணை வேண்டுமென்றால் காயப்பட்டவர் யாருக்கு எதிராக வழக்குப் போட வேண்டும்? அடுத்த தெருக்காரருக்கு எதிராக. வெள்ளிக்கிழமை ஒரே பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுகிறவருக்கு எதிராக.

கொழும்பில் முகம் தெரியாதவர் மீது வழக்குப் போடுவது வேறு. சம்மாந்துறையில், நிந்தவூரில், சாய்ந்தமருதில் அது வேறு. அடித்தவருடைய மச்சான் அடிபட்டவருடைய வட்டையில் குத்தகைக்குச் செய்பவராக இருப்பார். அதனால் மன்னிக்கிறோம். மன்னிப்பது நல்லதுதான், ஆனால் இந்தச் சட்டத்தின் அமைப்பில் சாரதியை விடுவித்த அந்த நிமிடமே அவருக்குப் பின்னால் நிற்கிற நிறுவனமும் விடுபட்டுவிடுகிறது. அறுபதாயிரத்தைக் கார்க்காரர் தன் பையிலிருந்து கொடுத்தார். அவர் பணம் கட்டி வைத்திருந்த நிறுவனத்துக்கு அந்தக் காலால் ஒரு சதம் செலவில்லை. நாங்கள் இரக்கம் காட்டியது யாருக்கு என்று பிறகு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மார்க்கத்தின் பெயரால் இதை முடித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். கத்ர், நடந்தது நடந்துவிட்டது என்பார்கள். சூரத்துன் நிஸாவின் 92ஆவது வசனம், தவறுதலாக ஒரு உயிர் போனால் அந்தக் குடும்பத்துக்கு நட்டஈடு ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது. அவர்களாக விட்டுக்கொடுத்தால் தவிர. முதலில் உரிமை, அதன் பிறகே விட்டுக்கொடுப்பு. அதோடு, தவறுதலான மரணத்துக்குரிய தியாவைத் தவறு செய்தவர் தனியே சுமப்பதில்லை, அவருடைய 'ஆகிலா', அதாவது அவரைச் சார்ந்த கூட்டம் பங்குபோட்டுச் சுமக்கும் என்று பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. ஒருவரின் கவனயீனத்தின் சுமையைப் பலர் பிரித்துச் சுமப்பது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் அடிப்படை யோசனை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். தகாபுல் முறையில் வாகனக் காப்புறுதி தருகிற நிறுவனம் நம் நாட்டிலும் இருக்கிறது, எங்கள் ஊர்களில் அதை எடுத்தவர்களும் நிறையப் பேர். எடுத்த பிறகும் அதைக் கேட்பதில்லை.

கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் நான் போனது 2025 ஏப்ரலில். தம்பியின் கால் இனிச் சரிவராது என்று தெரிந்த பிறகு. அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப நடந்த?" திகதியைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான சேதத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இரண்டு மாதம் பிந்திவிட்டேன். பிந்தாவிட்டாலும் நான் எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம் எங்களுக்கு எதிராகவே வந்து நின்றிருக்கும் என்றார். அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் அதன்பிறகு நான் தேடிப் படித்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். சட்டத்தரணியின் வேலையைச் செய்ய நான் முயலவில்லை. அடுத்த விறாந்தையில் இருப்பவர் குறைந்தபட்சம் கேள்வியாவது கேட்கட்டும்.

பலரும் தடுமாறுகிற இடம் நீதவான் நீதிமன்றம். பொலிஸ் வழக்குப் போடுகிறது, சாரதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், தண்டப்பணம் கட்டுகிறார். காயப்பட்டவரின் வீட்டில் "கேஸ் முடிஞ்சிட்டு" என்கிறார்கள். முடிந்தது அரசுக்கும் சாரதிக்கும் இடையிலான வழக்கு, தண்டப்பணமும் அரசுக்கே போகும். குற்றவாளியாகக் காணப்பட்டவரைக் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் ஒரு மேசனின் இருபது வருடக் கூலியை அங்கே கணக்குப் பார்ப்பதில்லை. அதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம், அது தனியான குடியியல் வழக்கு. வழக்குத் தொடர்வதற்கு முன்னரோ தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். 106ஆம் பிரிவு. இந்த ஏழு நாளைத் தவறவிட்டால், வழக்கில் வென்றாலும் நிறுவனத்திடம் வாங்க முடியாத தீர்ப்பாணை ஒன்றுதான் கையில் இருக்கும்.

நம்மவர்களைப் பயமுறுத்துகிற இன்னொரு ஆயுதம் லைசன்ஸ். "உங்கட பொடியனுக்கு லைசன்ஸ் இல்ல, ஹெல்மட்டும் போடல்ல, கேஸுக்குப் போனா அவனும் மாட்டுவான்." இந்த ஒரு வசனத்தால் எத்தனையோ கோரிக்கைகள் பொலிஸ் நிலையத்து வாசலிலேயே செத்துப்போகின்றன. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியது குற்றம், அதற்குத் தண்டனை தனி. ஆனால் மோதலுக்கு யாருடைய கவனயீனம் காரணம் என்பது வேறு கேள்வி. காயப்பட்டவரிடமும் பிழை இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈடு குறையும், முழுதாக அழிந்துபோகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே கொண்டுவரப்பட்டது.

மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தவரின் நிலை கொஞ்சம் சிக்கலானது. மோதிய காரைப் பொறுத்தவரை அவரும் மூன்றாம் தரப்புத்தான், கேட்கலாம். ஆனால் அவரை ஏற்றிவந்த மோட்டார் சைக்கிளே பிழை என்றால், கூலி வாங்காமல் ஏற்றிச் செல்லப்படுகிறவரைக் கட்டாயக் காப்புறுதி உள்ளடக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. பிழைவிட்ட சாரதி தானே காயப்பட்டால் அவருக்கும் மூன்றாம் தரப்பில் ஒன்றும் கிடையாது. தனியாக விபத்துக் காப்பீடு சேர்த்திருந்தால் மட்டுமே.

இந்த இடத்தில் எங்கள் ஊரால் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2024 நவம்பர் 26, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியைக் கடந்து பாய்ந்துகொண்டிருந்தபோது, நிந்தவூரில் மார்க்கக் கல்வி கற்ற மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. எட்டு உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சம்மாந்துறைப் பிள்ளைகள். அதில் யாருக்கு என்ன பொறுப்பு என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றுவது எங்கள் வட்டைகளில் அன்றாடம். அறுவடைக்குப் போகிற பெண்கள், வெள்ளக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணத்துக்குப் போகிற குடும்பங்கள். அந்தப் பெட்டியில் இருக்கிற ஒருவருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று ஏறும்போது யாராவது கேட்டதுண்டா?

பிள்ளை இறந்தால் பெற்றோர் எதைக் கேட்கலாம் என்பதிலும் சட்டம் நீண்டகாலம் கல்நெஞ்சாகவே இருந்தது. நமது ரோமன்-டச்சுச் சட்டம் மரணத்தில் பண இழப்பை மட்டுமே பார்த்தது. உழைக்காத பிள்ளையின் மரணத்தில் பண இழப்பு ஏது? 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான் இதை மாற்றியது. ஒருவரின் தவறால் நேர்ந்த மரணத்தில், இழந்த உறவுக்காகவும் அரவணைப்புக்காகவும் பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் நட்டஈடு கோரலாம். இந்தச் சட்டம் வந்ததே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. நானும் இவ்வருடம்தான் அறிந்தேன்.

இந்தியாவைப் பார்த்தால் ஆறுதலும் வரும், எச்சரிக்கையும் வரும். அங்கே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து நட்டஈட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. காயப்பட்டவர் தான் வசிக்கும் இடத்திலேயே மனுப் போடலாம், காப்புறுதி நிறுவனம் நேரடியாக அதில் ஒரு தரப்பாக நிற்கும். 2019 திருத்தத்தின்படி யாருடைய பிழை என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து இலட்சம், படுகாயத்துக்கு இரண்டரை இலட்சம் இந்திய ரூபா கோரலாம். 2025இல் விபத்தில் காயப்பட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபா வரை காசில்லாச் சிகிச்சைத் திட்டமும் வந்தது. எங்களுக்குச் சிகிச்சை முன்பிருந்தே இலவசம் என்பதால் அதில் நாம் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நட்டஈடு கட்டாததால் அரசு பஸ்ஸை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்த செய்தியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி காணலாம். பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நீதிமன்ற வளவுக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எங்களைப் போலவே ரோமன்-டச்சு வேரில் வந்த தென்னாபிரிக்கா, எரிபொருளில் வரி அறவிட்டு வீதி விபத்து நிதியம் நடத்துகிறது. அது கடனில் மூழ்கித் தவிக்கிறது.

அப்படியானால் எதைக் கேட்பது? என் அபிப்பிராயத்தில் பெரிய நிதியமெல்லாம் இப்போது வேண்டாம். காயப்பட்டவர் அயலவரைத் தீண்டாமல் நிறுவனத்திடமே நேராகக் கேட்க வழி வேண்டும், அவ்வளவுதான். பிழையை வாகனக்காரரே ஒப்புக்கொண்ட விபத்துகளில், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலக் கொடுப்பனவு ஒன்று வேண்டும். அது சட்டத் திருத்தம், கொழும்பில் நடக்க வேண்டியது. மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையின் ஊடாக நட்டஈடு வழங்கும் ஏற்பாடு 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. ஆள் ஓடிவிட்டால் அரசிடம் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. ஆள் நின்று, பிழையையும் ஒப்புக்கொண்டு, காப்புறுதியும் வைத்திருந்தால் பல வருட வழக்கு. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊரில் செய்யக்கூடியது வேறு. நம்பிக்கையாளர்கள் சமரசம் பேசட்டும், பேசத்தான் வேண்டும். ஆனால் தொகை பேசுவதற்கு முன்னர் காப்புறுதிச் சான்றிதழின் பிரதியை மேசையில் வைக்கச் சொல்லட்டும். வாகனக்காரர் அதே நாளில் தன் நிறுவனத்துக்கு, ஒருவருக்குக் காயம் என்று எழுத்தில் அறிவிக்கட்டும். இது அவருக்கும் நல்லது. நிறுவனத்துக்குத் தெரியாமல் பணம் கொடுத்துப் பொறுப்பை ஒப்புக்கொண்டால், பின்னால் அதையே காட்டி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு, அநேகமான ஒப்பந்தங்களில் அந்த நிபந்தனை இருக்கிறது. காயப்பட்டவர் பக்கத்தில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், சட்ட வைத்திய அறிக்கை, கிளினிக் புத்தகம், சின்னச் சின்ன பில்கள், வேலை கொடுத்தவரிடமிருந்து கூலி பற்றிய கடிதம், இவை ஒரு பையில் இருக்கட்டும். வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். எலும்பு பொருந்தி, வைத்தியர் இறுதியாக என்ன சொல்கிறார் என்று தெரியும்வரை 'இனிக் கோரிக்கை இல்லை' என்று யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். உடனடிச் செலவுக்கு வாகனக்காரர் உதவினால், உதவி என்றே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நிறுவனங்களையும் ஒரேயடியாக வில்லனாக்க முடியாது. ஆவணங்களோடு ஒழுங்காகக் கோரிக்கைக் கடிதம் போனால் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே பேசித் தீர்க்கிற கோரிக்கைகள் உண்டு என்று அந்தச் சட்டத்தரணியே சொன்னார். எங்கள் பக்கத்திலிருந்து அப்படியான கடிதங்கள் போவது குறைவு. போனாலும் பதில் ஆங்கிலத்தில் வரும், அதை வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு உம்மாவை ஓட்டோ அடித்து மணிக்கட்டு முறிந்தது. ஓட்டோக்காரத் தம்பியும் எங்கள் ஆள்தான். மஃரிபுக்குப் பிறகு கூடினார்கள், வழமைபோல என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்கள். நான் ஓட்டோவின் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டேன். தம்பியின் முகம் மாறியது. அவனைப் பொலிஸில் மாட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. பிறகு அவனே ஓடிப்போய்ச் சீட்டுக்குக் கீழிருந்து நனைந்து மடிந்த அந்தத் தாளைக் கொண்டுவந்தான். அன்றிரவு இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று அவனுடைய பெயரில், ஒன்று உம்மாவுடைய பெயரில், இரண்டும் நிறுவனத்துக்கு, பதிவுத் தபாலில். இன்னும் பதில் இல்லை. விபத்து நடந்த திகதியையும் அதிலிருந்து இரண்டு வருடம் முடியும் திகதியையும் உம்மாவின் மகள் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.